மார்பில் கட்டி, வீட்டில் பஞ்சாயத்து

அக்டோபர் மாதம் வந்தால் போதும், குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பம் வரைக்கும் மார்பகப் புற்றுநோய் பற்றி ரோஸ் ரிப்பன் போட்ட பேனராகத்தான் இருக்கும். உங்களை நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள், விழிப்புணர்வு கொள்ளுங்கள், இப்படி. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தால், பெண்களுக்கு விஷயம் தெரியாததுதான் ஒரே பிரச்சினை, தெரிந்துவிட்டால் மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள் என்கிற மாதிரி இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெண்களில் கட்டி இருப்பது தெரியாமல் இருந்தவர்கள் குறைவு. தெரிந்தே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம். ஏன் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் பேனர் அடிப்பதில்லை.

நான் தையல்காரி. கடை கேரளப் பக்கம் குமுளியில், வீடு இந்தப் பக்கம் கூடலூரில். தினமும் லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி இறங்குகிறேன். ரவிக்கை தைக்கிறவளிடம் பெண்கள் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள், சொல்லாவிட்டாலும் டேப் பிடிக்கும்போது பாதி தெரிந்துவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற ஒரு மதினி, பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, "இடது பக்கம் மட்டும் பிடிக்குது, கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். உள்ளே திருப்பிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு துணிதான் விட்டிருந்தேன். திரைக்குப் பின்னால் போட்டுக் காட்டச் சொன்னால், அக்குளுக்குக் கீழே தோல் உள்வாங்கி ஒரு சின்னக் குழி. சுற்றி லேசாகத் தடித்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "தைப்பூசத்துலருந்து கெடக்கு. வலிக்கல." நான் கேட்டது ஆனி மாதம்.

வலிக்கவில்லை என்பதுதான் இந்த நோயில் பெரிய ஏமாற்று. மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. தோல் உள்ளே இழுப்பது, காம்பு உள்ளே போவது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத் தொலி மாதிரி ஆவது, அக்குளில் உருண்டையாகத் தட்டுப்படுவது, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடப்பீர்கள்.

சரி, மதினி கதைக்கு வருகிறேன். அவர் மறைக்கவில்லை. வீட்டில் சொல்லியிருக்கிறார். மாமியார், "உனக்குப் பால் கட்டு அப்பவே உண்டு, மஞ்சப்பத்து போடு" என்றிருக்கிறார். கொழுந்தன், "கத்தி பட்டா ஊரெல்லாம் பரவிரும், ஊசியே போடக் கூடாது" என்றிருக்கிறார் (இந்த ஆளுக்கு யார் சொன்னது தெரியவில்லை, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமல் எந்த டாக்டரும் வைத்தியமே ஆரம்பிக்க முடியாது, அதனால் நோய் பரவுவதும் இல்லை). கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் எதற்குமே ஒன்றும் சொல்லமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அம்மாவுக்கு இந்த வியாதி என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு எடுத்து வைத்த காசில் கை வைத்தால் என்ன ஆகும்? ஆக, கல்யாணம் முடியட்டும் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தது என்று கேட்டால் யாரும் இல்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கட்டியை ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள், அதில் மதினியும் ஒருவர்.

மதினி இருக்கிறார், பயப்படாதீர்கள். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் கரண்ட் வைத்தார்கள் (ரேடியேஷனை எங்கள் பக்கம் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வோம்). இப்போது மலை ஏறிக் காய் எடுக்கப் போவதில்லை, கம்பத்தில் ஏலக்காய் குடோனில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார். ஆனால் தைப்பூசத்தில் காட்டியிருந்தால் இத்தனை பட்டிருக்க வேண்டுமா என்று அவரே கேட்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மார்பகப் புற்றுநோய்க்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் ஒரு குறிக்கோள், ஒரு பெண் முதன்முதலில் மருத்துவமனைக்கு வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்ன என்று முடிவாகத் தெரிந்துவிட வேண்டும் என்பது. எங்கள் ஊரில் பாருங்கள், அந்த 60 நாள் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வீட்டுப் பஞ்சாயத்தில் அரை வருடம் ஓடிவிடுகிறது. குளோபோகான் என்கிற உலகப் புற்றுநோய்க் கணக்கு 2022-க்குச் சொல்வதன்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1,92,000 பேர், இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். பாதிக்குப் பாதி. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிற ஒரு நோயில் இது கொஞ்சமான கணக்கில்லை.

இப்போது கூலி. எங்கள் ஜீப்புகள் விடிவதற்குள் கம்பம், கூடலூர், பாளையம் பக்கமிருந்து கிளம்பி கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று போய்விடும். சாயங்காலம்தான் இறங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓபி மத்தியானத்தோடு முடிகிறது. இலவச முகாம் என்று போடுவார்கள், அதுவும் வேலை நாளில் காலை பத்து மணிக்கு. இலவசம்தான், ஆனால் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அங்கே சந்தேகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அப்புறம்தான் செலவே. க.விலக்கில் இருக்கிற மெடிக்கல் காலேஜுக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரம். ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி வைத்துச் சதை எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், போனால் இன்னும் வரவில்லை என்று திருப்பி அனுப்புகிற நாள் ஒன்று. தனியாகவும் போக முடியாது, துணைக்கு வருகிறவளுக்கும் கூலி போகும். இதில் காய் எடுப்பு சீசன் என்றால் இரண்டு வாரம் வராதவளுடைய இடத்தில் மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிக்கொள்வார். வாரக் கடன் தவணைக்குக் குழுக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினால் தவணை தள்ளுபடியா ஆகும்?

காப்பீடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீடு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. கேரளத்தில் காருண்யா, அதுவும் 5 லட்சம். ஆபரேஷன் செலவையும் கீமோ செலவையும் அது பார்த்துக்கொள்ளும். பஸ் காசை, சாப்பாட்டை, போன கூலியை, வீட்டில் சின்னப் பிள்ளைக்குச் சோறு போடுகிறவளை அது பார்க்காது. எல்லைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வண்டிப்பெரியாறு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் கேரளத்தில். பிறந்த வீடு, ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்கிற அக்கா தங்கச்சி எல்லாரும் தேனிப் பக்கம். அட்டை செல்லுகிற இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கிற இடத்தில் அட்டை செல்லும் என்று உறுதியில்லை. திருவனந்தபுரத்தில் 1981-லிருந்து இருக்கிற மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நம் ஆட்கள் நிறையப் போகிறார்கள், ஆர்சிசி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கரண்ட் வைக்க வாரக்கணக்கில் அங்கே தங்க வேண்டும் என்றால், பாதியில் நிறுத்திவிட்டு வந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

பேனரில் எழுதியிருக்கிற சுயபரிசோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுயபரிசோதனையைத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்து, பத்து வருடம் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது, கற்றுக்கொடுத்த கூட்டத்திலும் கொடுக்காத கூட்டத்திலும் சாவு ஏறக்குறைய ஒன்றுதான். என் கடைக்கு வருகிற ஒரு நர்ஸ் சேச்சிதான் முதலில் இதைச் சொன்னார், நான் நம்பவில்லை, அப்புறம் தேடிப் படித்தேன். இதற்காக உடம்பில் மாற்றம் தெரிந்தால் கண்டுகொள்ளாதே என்று அர்த்தமில்லை. பொம்பளைக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று, இனி அவள் பாடு என்று விட்டால் ஆகாது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறாக மும்பையில் ஒன்று நடந்தது. டாடா மருத்துவமனைக்காரர்கள் 1998-இல் தொடங்கி, வசதி குறைந்த குடியிருப்புகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். மெஷின் கிடையாது, மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே கிடையாது. பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள், அவர்களும் பெண்கள், அந்த ஒன்றரை லட்சத்தில் பாதிப் பேரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாலு சுற்று கையாலேயே பரிசோதித்தார்கள். இருபது வருடக் கணக்கு 2021-இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டது, 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அப்படிச் சொல்லும்படியான குறைவு இல்லை, அதையும் மறைக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் 2006-இல் இதே மாதிரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் தொடங்கிய ஆய்விலும் ஆரம்ப நிலையில் பிடிபடுவது கூடியது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து, அவளைப் பெண்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்பினால் வேலை நடக்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

நம் அரசாங்கமும் 2016-லேயே வழிகாட்டு முறை போட்டிருக்கிறது, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கைப்பரிசோதனை என்று. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு அதைவிடத் தேவலை, அப்படியும் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை. கேரளத்தில் 2025 பிப்ரவரியில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் சேர்த்து ஊர் ஊராகப் பரிசோதனை இயக்கம் ஒன்று நடத்தினார்கள். குமுளியிலேயே என் வாடிக்கையாளர்கள் சிலர் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி கூப்பிட்டார் என்று போய்வந்தார்கள். ஆனால் ஜீப்பில் வந்து போகிறவள் எந்தப் பட்டியலில் இருக்கிறாள்? பகலில் கேரளத்தில் வேலை செய்கிறாள், அங்கே அவள் பெயர் கிடையாது. ராத்திரி தமிழ்நாட்டில் தூங்குகிறாள், இங்கே வீடு தேடி நர்ஸ் வருகிற நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதில்லை.

வண்டன்மேடு பக்கம் ஒரு சின்னத் தோட்டக்காரர், முகாம் நாளன்று காலையில் காய் எடுக்கவிட்டு, மத்தியானம் கூலியைப் பிடிக்காமல் பெண்களை அனுப்பினார். அவருடைய ஜீப்பே கொண்டுபோய் இறக்கியது. போகமாட்டேன் என்று ஒருத்தி சொல்லவில்லை. வீட்டில் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை, கூலிதான் வந்துவிடுகிறதே. பேனர் போட்டு விழிப்புணர்வு ஏற்படுத்தினால்தான் பெண்கள் வருவார்கள் என்பவர்கள் அரை நாள் கூலி கொடுத்துப் பார்க்கட்டும். மூணாறில் 2015-இல் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பொம்பிளை ஒருமை என்று திரண்டு, போனஸுக்கும் கூலிக்கும் ரோட்டில் உட்கார்ந்து, 232 ரூபாய் தினக்கூலியை 301 ஆக்கினார்கள். அந்தத் தெம்பு உள்ள ஊர்தான் இது. கூலியோடு பரிசோதனை நாள் என்று ஒரு கோரிக்கையை எந்தச் சங்கமாவது எழுதினால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

நோய் வராமலே தடுக்க முடியாதா என்றால், முழுசாக முடியாது, கொஞ்சம் குறைக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு போடாமல் பார்த்துக்கொள்வது, உடம்பை அசைத்து வேலை செய்வது, மது தொடாமல் இருப்பது. தாய்ப்பால் கொடுப்பதும் ஒன்று. 2002-இல் 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு பெண் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைவதாகவும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம் குறைவதாகவும் தெரிந்தது. சொல்வது சுலபம். ஜீப்பில் போகிறவள் மூன்றாம் மாதமே பிள்ளையை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்கக் காய் எடுக்கிறாள். 26 வாரச் சம்பள விடுப்பு என்று சட்டம் இருக்கிறது, தினக்கூலிக்காரிக்கு அதை யார் கொடுப்பது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு கொடுக்கிற 18,000 ரூபாய் மகப்பேறு உதவிதான் அவளுக்கு ஆறுதல். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த அந்த அம்மாள்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியவர்.

இன்னொரு விசித்திரம். இந்த நோய் படித்த, வசதியான, தாமதமாகப் பிள்ளை பெறுகிற, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிற பெண்களுக்கு அதிகம் வருகிறது. அதனால்தான் நகரங்களில் கூடுகிறது. ஆனால் வந்தால் சாகிறவர்கள் வசதி இல்லாதவர்கள். எங்கள் ஊரும் இப்போது மாறிக்கொண்டு வருகிறது, தோட்டத்துக்குப் போகிறவளுக்கும் இரண்டு பிள்ளைதான். வருகிற வாய்ப்பில் மட்டும் வசதிக்காரியை எட்டிப் பிடிக்கிறாள்.

குடும்ப வரலாறு பற்றிச் சொல்லாமல் விட்டால் பதிவு முடியாது. அந்த நர்ஸ் சேச்சி வற்புறுத்தி நான் ஒரு டாக்டரிடம் போனபோது, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்கள். கூட வந்த அம்மா முந்திக்கொண்டு, "எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்றார். அம்மா சொன்னது பொய்யில்லை, அவர் பக்கம் யாருக்கும் இல்லை. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, நாற்பது தாண்டியதும் மஞ்சள்காமாலையில் போனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள்காமாலை வந்தது உண்மைதான், மார்பில் இருந்தது ஈரலுக்குப் போனதால் வந்தது. அதை ஒரு சாவு வீட்டில், யாரோ ஒரு பாட்டி பேச்சுவாக்கில் உடைத்தார். அப்பத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் மார்பில் புண் இருந்ததாம். மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்த வீடு, வாயைத் திறப்பார்களா?

பரம்பரையாக வருவது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான், நோய் வருகிற பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது. ஆனால் பிஆர்சிஏ என்கிற மரபணுக் கோளாறு இருக்கிற குடும்பமாக இருந்தால் அது அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். ஆண் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவன் தனக்கு ஒன்றும் இல்லாமலேயே மகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆண்களுக்கே அபூர்வமாக மார்பகப் புற்றுநோய் வருவதும் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் வந்திருந்தால், அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலிருந்தே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அதற்கு அத்தைக்கு எத்தனை வயதில் வந்தது என்று தெரிய வேண்டுமே. நான் இப்போது பில் புக்கின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், யார், என்ன உறவு, எந்த உறுப்பு, ஏறக்குறைய எந்த வயது என்று. அப்பாவின் தங்கச்சிமார் இரண்டு பேர் விவரம் சொன்னார்கள், ஒருவர் போனை வைத்துவிட்டார்.

எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை, வருடம் ஒரு தடவை போய்வருகிறேன். தம்பிக்கு ஒரு மகள், கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன், நம்ம அப்பா வழியில் இருக்கிறது, உன் வழியாகவும் போயிருக்கலாம், ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவை என்றேன். "அவளுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல இதெல்லாம் வேணாம்க்கா" என்கிறான். தீபாவளிக்கு அவள் வருகிறாள், ரவிக்கை தைக்க எப்படியும் என்னிடம்தான் வருவாள், நேராக அவளிடமே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். தம்பி கொஞ்ச நாள் பேசமாட்டான், பரவாயில்லை.